எது ஒரே காசு? பைத்தானிடம் சொல்லிப் பார்த்தது

என் நாணயச் சேகரிப்பை எக்செல்லிலிருந்து பைத்தான் நிரல்மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் எடுத்துக்கொண்டது, இரட்டையாக இருக்கும் காசுகளைக் கண்டுபிடிக்கும் பகுதி.

‘நாணயம்’ என்று ஒரு கிளாஸ் (காசின் விவரங்களுக்கான வார்ப்பு; அதிலிருந்து உருவாகும் ஒவ்வொரு காசும் ஓர் ஆப்ஜெக்ட்). பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்பதால் தமிழிலேயே வைத்துவிட்டேன். மதிப்பு, ஆண்டு, அச்சகம் (காசை அடித்த ஆலை), நிலை (எவ்வளவு தேய்ந்தது) என நான்கு விவரங்கள். நான்கும் ஒத்திருக்கும் இரண்டு ஆப்ஜெக்ட்டுகளை == போட்டு ஒப்பிட்டால் ஃபால்ஸ் (சமம் இல்லை) என்று வருகிறது. நாம் ஒன்றும் சொல்லாதவரை, இரண்டும் நினைவகத்தில் இருக்கும் அதே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டுமே பைத்தான் பார்க்கும். மற்றதை, == போடும்போது ஓடும் ஈக்யூ மெத்தடில் நாம்தான் எழுத வேண்டும் (பெயருக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு).

எழுதுவது நாலு வரிதான், யோசிக்கத்தான் நேரம் பிடித்தது. இரண்டு காசுகளுமே 2000-ஆம் ஆண்டு 2 ரூபாய். ஒன்றில் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி, அது மும்பை. இன்னொன்றில் புள்ளி, அது நொய்டா. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். கொல்கத்தா குறியே போடாது. கடையில் கொடுத்தால் எல்லாம் ஒன்று, ஆல்பத்தில் வேறு வேறு. ஆக, மதிப்பு, ஆண்டு, அச்சகம் மூன்றும் ஒத்தால் சமம். ‘நிலை’யைச் சேர்க்கவில்லை. தேய்ந்தாலும் அதே காசுதானே.

ஈக்யூ எழுதியதும் காசுகளை செட்டில் (சமமானவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பு) போட்டால் டைப் எரர். ஈக்யூவை நாம் எழுதினால் பைத்தான் ஹேஷை (செட் ஒவ்வொரு பொருளையும் தேடப் பயன்படுத்தும் எண்) எடுத்துவிடுகிறது. அந்த மூன்று விவரங்களையும் டியூப்பிளாக்கி (ஒரே கட்டாக்கி) ஹேஷ் மெத்தடையும் எழுதியதும் இரட்டைகள் தானாகக் கழிந்தன.

அப்புறம் வரிசைப்படுத்தல். சார்ட்டுக்கு < மட்டும் போதும் என்பதால் அந்தக் குறிக்கான எல்டி மெத்தடில் ஆண்டை மட்டும் ஒப்பிட்டேன். வரிசை சரியாகவே வந்தது. ஆனால் டோட்டல் ஆர்டரிங் (மீதி ஒப்பீடுகளைத் தானே எழுதித் தரும் வசதி) சேர்த்து <= பார்த்தால் வேடிக்கை: மேலே சொன்ன மும்பைக் காசு நொய்டாக் காசைவிடச் சிறியதும் இல்லை, சமமும் இல்லை; திருப்பிக் கேட்டாலும் அதே பதில். இரண்டு பக்கமும் ஃபால்ஸ்! சமத்துக்கு ஓர் அளவுகோல், வரிசைக்கு வேறொன்று என்று வைத்தால் இப்படித்தான் ஆகும்.

அதனால் எல்டியை எடுத்துவிட்டேன். காசுகளுக்கு இயல்பான வரிசை என்று ஒன்று கிடையாது. இன்று ஆண்டுவாரியாக வேண்டும், நாளை அச்சகவாரியாக. அதற்கு சார்ட்டில் கீ (எதை வைத்து அடுக்குவது என்பது) கொடுத்தால் போதும். அடுத்து இதையே பைத்தான் 3.7-இல் வந்த டேட்டாகிளாஸில் எழுதிப் பார்க்க வேண்டும். அதில் ‘நிலை’க்கு மட்டும் கம்பேர் ஃபால்ஸ் (ஒப்பீட்டில் சேர்க்காதே) என்று கொடுத்து, ஃப்ரோசன் போட்டால் ஈக்யூ, ஹேஷ் இரண்டையும் அதுவே எழுதிக்கொள்ளும். ஃப்ரோசனாக்கினால் நிலையை அப்புறம் மாற்ற முடியாது என்பதுதான் இடிக்கிறது.