நனைந்த கையில் ஒரு வாவி வரைபடம்

நான் முதன்முதலில் அச்சடித்துக் கொடுத்த மட்டக்களப்பு வாவி வரைபடம் மூன்றாம் நாளே கடைக்குத் திரும்பி வந்தது. கல்லடியில் விருந்தினர் விடுதி நடத்தும் அக்கா அதை ஒரு துவாய்க்குள் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் விரித்தார். மடிப்புகள் சந்திக்கும் நடு இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. வாவிக்கு நான் கொடுத்திருந்த நீலம் கரையைக் கடந்து படுவான்கரை வயல்களுக்குள் ஓடிவிட்டது. வவுணதீவுப் பக்கம் முழுவதும் மாரி வெள்ளம் வந்தது போலக் கிடந்தது.

"மழையே பெய்யல்ல தங்கச்சி. துடுப்பால வழிஞ்ச தண்ணிதான்" என்றார்.

மட்டக்களப்பு நகரில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை எனக்கு. கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று நாள் போகும். இந்தக் காகிதங்கள் எல்லாமே காய்ந்த கையில் வாழ்பவை. அக்கா கேட்டது வேறு. ஆடி, ஆவணி மாதங்களில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் அவருடைய விடுதியில் தங்குவார்கள். இரண்டு பேர் இருந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் கயாக்குகளை எடுத்துக்கொண்டு வாவிக்குள் இறங்குவார்கள். அவர்கள் கையில் ஒரு வரைபடம் வேண்டும். ஃபோன் இருக்கிறதே என்று நானும் கேட்டேன். நடு வெயிலில் ஃபோன் திரை தெரியாது, ஈர விரலுக்கு அது சரியாக வேலை செய்யாது, தண்ணீருக்குள் விழுந்தால் அதோடு சரி என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்த அந்தத் தாளை நான் எறியவில்லை. அதில் ஒரு விசயம் தெளிவாகத் தெரிந்தது. நீலமும் பச்சையும் ஓடியிருந்தன, ஆனால் கறுப்பு எழுத்துகள் அசையாமல் நின்றன. எங்கள் கடை இங்க்ஜெட் பிரிண்டரில் கறுப்பு மட்டும் நிறமி மை, மற்ற நிறங்கள் எல்லாம் சாய மை. சாயம் தண்ணீரில் கரையும். நிறமி நுண்துகளாகத் தாளில் தங்கிவிடும். ஒவ்வொரு நாளும் அந்த இயந்திரத்தோடு வேலை செய்தும் இதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. அடுத்த முறை லேசர் பிரிண்டரில் அடித்தேன். லேசரின் டோனர் ஒரு வகை பிளாஸ்டிக் தூள், சூட்டில் உருகித் தாளில் ஒட்டுவது. அதைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆனால் மடித்த இடத்தில் டோனர் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தக் கோடு புளியந்தீவுக்கும் கல்லடிப் பாலத்துக்கும் நடுவால் போனது. வந்தவர்கள் முதலில் தேடும் இடமே அதுதான்.

சரி, லெமினேட் பண்ணிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். ஏ3 தாள், 125 மைக்ரோன் தடிப்பில் பிளாஸ்டிக் உறை, பளபளப்பாக வந்தது. கடையில் எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் வாவியில் அது ஒரு நாள்கூட ஒழுங்காகப் பயன்படவில்லை. கச்சான் அடிக்கும் காலம். மேற்கே இருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் விறைப்பான ஏ3 தகடு பாய் போல எழும்பியிருக்கிறது. ஒரு கையால் அதைப் பிடித்தால் துடுப்புக்குக் கை இல்லை. வெயில் நேரே பட்டதும் பளபளப்பு கண்ணைக் கூசியது. யாரோ அதை மடித்துக் காலுக்கடியில் வைத்திருக்கிறார்கள். மடித்த இடத்தில் உறை வெடித்து, உள்ளே தண்ணீர் போய், தாள் பூசணம் பிடித்து வந்தது. தண்ணீர் உள்ளே போகும் வழி உள்ள தாளைவிட, போன தண்ணீர் வெளியே வரும் வழி இல்லாத தாள் மோசம் என்று அன்று கண்டேன். சாதாரணத் தாளை வெயிலில் காயவைத்தாவது எடுக்கலாம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நானே கயாக்கில் இறங்கினேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அக்காவின் மகன் பின்னால் இருந்து துடுப்புப் போட, நான் முன்னால் வரைபடத்தோடு இருந்தேன். இருந்த நிலையில் மடிதான் மேசை. மடியில் வைக்கக்கூடிய அகலம் ஏறக்குறைய விரித்த இரண்டு உள்ளங்கை அளவு. கண் அதில் படுவது ஒரு நேரத்தில் இரண்டு மூன்று நொடிதான், பிறகு திரும்பவும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு நொடிக்குள் "நான் எங்கே" என்று விரல் வைக்க முடியவில்லை என்றால் வரைபடம் இருந்தும் இல்லாததுதான். கரையில் இருந்துகொண்டு நான் தாள் நனையாமல் இருக்க மட்டும் வழி தேடியிருக்கிறேன். நனைந்த கை, ஒற்றைக் கை, காற்று, கூசும் கண், இவை எதையும் கணக்கில் எடுக்கவில்லை.

அப்புறம்தான் வாவியின் வடிவமே வழி காட்டியது. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம், அகலமான இடத்தில்கூட நாலு கிலோமீற்றர் அளவுதான். அப்படிப்பட்ட ஒன்றைச் சதுரத் தாளில் அடித்தால் பாதி இடம் ஒருவருக்கும் தேவையில்லாத கடலும் வயலும். அதை நீளப் பட்டியாக எடுத்தேன். 1:25,000 அளவில் ஒரு கிலோமீற்றர் நாலு சென்ரிமீற்றர். முழு வாவிக்கும் இரண்டேகால் மீற்றர் நீளப் பட்டி வரும். கயாக் போகிறவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. முகத்துவாரத்து வெளிச்சவீட்டிலிருந்து மண்முனைப் பாலம் வரைக்கும் போதும். அதை இரண்டு துண்டாகப் பிரித்தேன். அடிப்படை வரைபடத்தை ஓபன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து எடுத்தேன். அது எவரும் பயன்படுத்தக்கூடியது, மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். கரைக்கோட்டை நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளோடு பக்கத்தில் வைத்துச் சரி பார்த்துக்கொண்டேன்.

மடிப்புத்தான் தீராமல் நின்றது. அதைத் தீர்த்தது கடை முதலாளி அண்ணன் வீட்டு அலுமாரியில் இருந்த ஒரு பழைய தாள். அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் நில அளவையாளர்களோடு வேலை செய்தவர். அவர் வைத்திருந்த, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வரைந்த வரைபடத்தை அண்ணன் எனக்குக் காட்டக் கொண்டுவந்தார். தாளைச் சிறு சிறு செவ்வகங்களாக வெட்டி, நடுவில் நூலிழை அகலத்துக்கு இடைவெளி விட்டு, பருத்தித் துணியில் ஒட்டியிருந்தார்கள். மடிக்கும்போது மடிவது துணி மட்டும்தான், தாள் மடிவதே இல்லை. எத்தனையோ வருசம் மடித்தும் விரித்தும் பாவித்த தாளில் ஓர் எழுத்துக்கூட அழிந்திருக்கவில்லை. அதை எவ்வளவு நேரம் மடித்து மடித்துப் பார்த்தேன் என்று தெரியாது.

துணிக்குப் பதிலாக என்னிடம் லெமினேட் உறை இருந்தது. அடித்த தாளைக் குறுக்கே நாலாக வெட்டினேன். ஒவ்வொன்றும் ஒன்பதரைச் சென்ரிமீற்றர் உயரம், இருபது சென்ரிமீற்றர் அகலம். ஏ3 உறைக்குள் ஒன்றன் கீழ் ஒன்றாக, நாலு மில்லிமீற்றர் இடைவெளி விட்டு அடுக்கினேன். இயந்திரத்துக்குள் போகும்போது துண்டுகள் நழுவாமல் இருக்க, பசைக் குச்சியால் ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு பொட்டு வைத்தேன். இடைவெளியில் மேல் உறையும் கீழ் உறையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுதான் மடிப்பு. தாள் மடியாது, டோனர் உதிராது. ஒரு துண்டுக்குள் தண்ணீர் போனாலும் மற்ற மூன்றுக்கும் போகாது. உறையை 125 மைக்ரோனிலிருந்து 80க்குக் குறைத்தேன், தடித்த உறை மடிப்பில் சீக்கிரம் வெடிக்கும். விசிறி மடிப்பாக மடித்தால் ஒரே நேரத்தில் இரண்டு துண்டு முன்னால் நிற்கும். துடுப்புப் போட்டு முன்னேற, அடுத்த மடிப்பைத் திருப்பினால் போதும். கையால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அண்ணன், "தங்கச்சி, இதை அப்பா பார்த்திருக்கோணும்" என்றார்.

சின்னச் சின்ன வேலைகள் அதற்குப் பிறகுதான் நிறைய வந்தன. ஓரத்தைத் தாளோடு ஒட்ட வெட்டினால் தண்ணீர் அங்கே நுழையும். சுற்றிவர ஐந்து மில்லிமீற்றராவது வெறும் உறை நிற்க வேண்டும். கூர் மூலை சட்டைப்பையில் குத்தும், அங்கிருந்துதான் உறை உரியவும் தொடங்கும். ஆகவே ஒரு நாணயத்தை வைத்துக் கோடிட்டு நாலு மூலையையும் வளைவாக வெட்டினேன். படகோடு கட்டுவதற்கு ஓட்டை வேண்டும், ஆனால் தாளுக்குள்ளால் ஓட்டை போட்டால் அதுவே தண்ணீருக்கு வாசல். மேல் ஓரத்தில் பன்னிரண்டு மில்லிமீற்றர் வெறும் உறை விட்டு, ஓட்டையை அதில் போட்டு, வலை பின்னும் நைலோன் நூலில் கட்டினேன். நூலின் மறுமுனையில் பெருவிரல் அளவு ரெஜிஃபோம் துண்டு. லெமினேட் பண்ணிய தாள் தண்ணீரில் தாழும், இது மிதக்கப் பண்ணும். பளபளப்பு உறையைக் கைவிட்டு மங்கல் உறையைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். நிறம் கொஞ்சம் மங்குவது உண்மைதான். ஆனால் கண் கூசாது, பென்சிலும் பிடிக்கும்.

பிரிண்டரில் தாளைப் பக்கத்துக்குப் பொருத்தும் வசதி ஒன்று இருக்கிறது. அதை நிறுத்தாமல் அடித்தால் வரைபடம் சில வீதம் சுருங்கிவிடும், எழுதிய அளவும் பொய்யாகிவிடும். அதனால் ஒவ்வொரு துண்டிலும் தனித்தனி அளவுகோல் போட்டேன். தாள் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும். இன்னொரு காரணமும் உண்டு. துண்டுகளுக்கு நடுவே உள்ள நாலு மில்லிமீற்றர் இந்த அளவில் நூறு மீற்றர் போலத் தோன்றும், ஆனால் தரையில் அது இல்லை.

தண்ணீர் புகாத பிளாஸ்டிக் தாளையும் ஒரு முறை முயன்றேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் தந்த தாள், தொட்டாலே ஆசை வரும் மென்மை. லேசர் பிரிண்டருக்குள் வைத்தேன். உள்ளே இருக்கும் சூட்டு உருளை இருநூறு பாகை செல்சியசுக்கு அருகில் வேலை செய்யும். அந்தத் தாள் பொலிபுரோப்பிலீன், 160 பாகை அளவில் உருகுவது. உருளையில் சுற்றி ஒட்டிக்கொண்டது. அண்ணன் ஒரு வார்த்தையும் ஏசவில்லை, உருளை மாற்ற ஆளைக் கூப்பிட்டார். லேசருக்கென்றே பொலியெஸ்டர் தாள் இருக்கிறது, அது தாங்கும், விலைதான் எங்கள் வேலைக்குக் கட்டாது.

வரைபடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொன்னவர் என் மாமா. அம்மாவின் தமையன், பாலமீன்மடுவில் தோணியில் மீன்பிடிப்பவர். நான் காட்டிய தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல ரோட்டெல்லாம் இருக்கு புள்ள, தண்ணிக்குள்ள ஒண்டுமே இல்லையே" என்றார். உண்மைதான். கரையில் ஒவ்வொரு ஒழுங்கையும் இருந்தது, வாவி மட்டும் வெறும் நீலமாக இருந்தது. மாமா விரலால் காட்டக் காட்ட நான் குறித்தேன். இடுப்பளவு தண்ணீரில் மண் மேடு தட்டும் இடம், கம்பு நட்டு வலை கட்டுகிற இடம், முதலை வெயில் காயும் கரை. எருமைத்தீவைச் சுற்றிக் கண்டல் அடர்ந்த பக்கத்தைக் காட்டி, "இதுல கிறுகினா உள்ளுக்க போய் மாட்டிக்குவாங்க" என்றார். தண்ணீரிலிருந்து பார்த்தால் தெருப் பெயர் தெரியாது, உயர்ந்து நிற்பவைதான் தெரியும். அதனால் வெளிச்சவீடு, கோட்டை மதில், கோவில் கோபுரம், தேவாலயக் கூம்பு, காத்தான்குடிப் பக்கத்து மினாராக்கள் எல்லாவற்றையும் சிறு படமாகவே போட்டேன். கல்லடியில் இரண்டு பாலம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 1924இல் திறந்த லேடி மெனிங் இரும்புப் பாலத்தையும் 2013இல் திறந்த புதிய பாலத்தையும் தனித்தனியாகவே வரைந்தேன். ஒன்றை மட்டும் போட்டால், அதன் கீழால் வரும் ஒருவர் எதன் கீழே நிற்கிறோம் என்று குழம்புவார். நிலவு இரவில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் நுனியில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்க ஆட்கள் நிற்கும் இடமும் அதுதானே.

தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் எழுதினால் விடுமுறைக்கு வந்தவர்களுக்கு அது ஓர் எண்தான் என்று அக்கா சொன்னார். பழக்கமில்லாதவர்கள் மணிக்கு மூன்று நாலு கிலோமீற்றர்தான் போவார்கள். ஆகவே ஓரத்தில் ஒவ்வொரு நாலு சென்ரிமீற்றருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு, ஒரு கட்டம் இருபது நிமிசம், எதிர்க்காற்றில் நாற்பது என்று எழுதினேன். போகும்போது காற்று முதுகில் இருந்தால் திரும்பும்போது முகத்தில் இருக்கும் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டேன். வெளிச்சவீட்டுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு, அதற்கு அப்பால் கயாக் போகக்கூடாது.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் மாமாவோடு நெடுநேரம் இருந்தேன். முகத்துவாரம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கோடையில் கடல் மண்ணைத் தள்ளி வாயை மூடிவிடும். மாரியில் வயலும் ஊரும் தாழாமல் இருக்க மண்ணை வெட்டி விடுவார்கள். வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் முழுவதும் கடலை நோக்கி இழுக்கும். அந்த இழுவைக்குள் துடுப்பு நிற்காது.

போன தைமாதம் மாமா கடைக்கு வந்தார். கையில் முந்தின வருசத்து வரைபடம், ஓரம் கொஞ்சம் வெளுத்திருந்தது, மடிப்பு மூன்றும் முழுசாக இருந்தது. மேல் துண்டில் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார், புதிதாக வெட்டிய வாய். என் கோட்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. கணினியில் கோப்பைத் திறந்தேன். சிவப்புக் கோட்டைப் பாலமீன்மடுப் பக்கமாக நன்றாக உள்ளே இழுத்துப் போட்டேன். முகத்துவாரத்தை வரையவில்லை. அந்த இடத்தில் ஆறு சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெள்ளையாக விட்டு, "இன்றைய வாய் எங்கே என்று தோணிக்காரரிடம் கேட்டுப் பென்சிலால் போடவும்" என்று எழுதி, இருபது பிரதி அடித்தேன்.