சிப்பிக் காளான்: நான்கு சுற்று, பதினாறு பை

வைக்கோலை ஊறவை, வேகவை, உலர்த்து, வித்து (தானிய மணிகளில் வளர்த்த காளான் இழை) போட்டுக் கட்டு. சிப்பிக் காளானுக்குச் செய்முறை இவ்வளவுதான். ஆனால் அந்த "உலர்த்து" என்ற ஒரு சொல்லில்தான் புதியவர்களின் பைகள் பெரும்பாலும் கெடுகின்றன. எவ்வளவு என்று கையே சொல்லும் என்பார்கள். பழகிய கை சொல்லும், புதுக் கை சொல்லாது. அதனால் சுற்றுக்கு நான்கு பை, ஒரு சுற்றில் ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துப் பார்த்த கணக்கு இது.

பை 12க்கு 24 அங்குல பாலித்தீன். பைக்கு அரை கிலோ காய்ந்த வைக்கோல், மழையில் நனையாதது, 2 அங்குலத் துண்டுகள். வெள்ளைச் சிப்பி வித்து 150 கிராம். நடுவில் எதிரெதிராக இரண்டு துளை, பஞ்சால் அடைத்தது.

முதல் சுற்று: ஈரம்

நான்குக்கும் 5 மணி நேர ஊறல், கொதி வந்தபின் ஒரு மணி நேர வேக்காடு. கட்டும்போது வைக்கோலின் எடை மட்டும் வேறு: 1.1, 1.3, 1.5, 1.8 கிலோ. காய்ந்த வைக்கோலிலேயே பத்தில் ஒரு பங்கு ஈரம் என்று வைத்தால், இவை சுமார் 59, 65, 70, 75 சதவீத ஈரம்.

1.3 கிலோ பை 17ஆம் நாளே வெள்ளை இழை பரவி முழுக்க வெளுத்துவிட்டது. மூன்று அறுவடையில் 240, 150, 60 கிராம். 1.1 கிலோ பைக்கு 24 நாள் ஆனது, இழையும் மெலிவு. 1.5இல் அடியில் மஞ்சள் நீர் தேங்கி, மேல்பாதி மட்டும் காய்த்தது. 1.8 ஐந்தாம் நாளே புளித்த வாடை, ஒன்பதாம் நாள் பச்சைப் பூசணம். நீர் நின்ற இடத்தில் காற்றுப் போகாது. காளான் இழைக்கு மூச்சு முட்டும், பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். இறுகப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது என்பார்களே, அந்தப் பதம் இந்த 1.3தான். வீட்டில் தராசு இருந்தால் தராசையே நம்பலாம்.

இரண்டாம் சுற்று: வேக்காடு

எடை இனி 1.3. வேகவைத்தது 20, 40, 60 நிமிடம். நான்காவதும் 60 நிமிடம்தான், ஆனால் மேலே கல் ஏற்றவில்லை.

20 நிமிடப் பையில் பத்தாம் நாள் மைக்காளான் முளைத்தது. மெலிந்த தண்டு, விரிந்த சில மணி நேரத்தில் கறுத்து மையாக வடியும் குடை. அதைத் தின்னக் கூடாது, பிடுங்கி எறிய வேண்டும். 40இல் இரண்டு சிறு பச்சைத் திட்டு. 60 சுத்தம். கல் ஏற்றாத பை 20 நிமிடப் பையின் அச்சு. வைக்கோல் மிதக்கும், மிதந்த பகுதி வேகவே இல்லை. சாக்கில் கட்டி, மேலே கல் ஏற்றி, முழுக்க முங்கிய பிறகே நேரத்தை எண்ண வேண்டும்.

பச்சை எங்கே என்று பார்ப்பது

கெட்ட பையை அப்படியே தூக்கி எறிவதுதான் பெரிய நஷ்டம். திறக்காமல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தவறு எங்கே என்று தெரிந்துவிடும். பரவலாகத் திட்டுத் திட்டாக இருந்தால் வேக்காடு குறைவு. அடியில் மட்டும் என்றால் ஈரம் அதிகம். துளையைச் சுற்றி மட்டும் என்றால் கழுவாத கை, இல்லையேல் பஞ்சு நழுவி ஈ புகுந்தது. வித்து மணிகளைச் சுற்றியே பச்சை தொடங்கினால் வித்தே கெட்டது. அந்தப் பாக்கெட்டில் மிச்சம் இருப்பதையும் போடாதீர்கள். பச்சை எதுவும் இல்லை, வித்தும் அசையவில்லை என்றால் வைக்கோல் ஆறுமுன் சூட்டோடு போட்டு வித்தைக் கொன்றிருக்கிறீர்கள். பார்த்து முடிந்ததும் பையைக் கட்டியபடியே வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். வளர்ப்பு அறைக்குள் பிரித்தால் பூசணத்தின் பச்சைத் தூள் மற்றப் பைகளுக்கும் போய்ச் சேரும்.

மூன்றாம் சுற்று: வித்தின் அளவு

40, 75, 150, 250 கிராம். 40 கிராம் பை மெதுவாகப் பரவியதால் பச்சை முந்திக்கொண்டது. 75 பிழைத்தது, ஆனால் ஐந்து நாள் தாமதம். 250க்கும் 150க்கும் இரண்டே நாள் வித்தியாசம், காசுக்குக் கேடு.

நான்காம் சுற்று: இடம்

ஒரே மாதிரி நான்கு பை, முழுக்க வெளுத்தபின் நான்கு இடங்களில். ஜன்னல் இல்லாத அறையில் தண்டு விரல் நீளம், குடை சட்டைப் பொத்தான் அளவு: கரியமில வாயு வெளியேறவில்லை. மின்விசிறிக் காற்றில் மொட்டு காய்ந்து பழுப்பேறியது. மூன்றாவதில் மொட்டின் மேலேயே தண்ணீர் தெளித்தோம், மஞ்சளாகி அழுகியது. நான்காவது, ஈரச் சாக்கு தொங்கிய தாழ்வாரம். தரை மணலையும் சாக்கையும் மட்டும் தினம் மூன்று முறை நனைத்ததில் குடை உள்ளங்கை அகலம் வந்தது. விளிம்பு மேல்நோக்கிச் சுருளுமுன் பறிக்க வேண்டும். தாமதித்தால் குடையிலிருந்து நுண்ணிய தூள் கொட்டி இருமல் வரும், மூக்கை மூடிக்கொள்வது நல்லது.

பங்குனி வெயில் ஏறிவிட்டது, வெள்ளைச் சிப்பிக்கு இனி தாங்காது. அடுத்து பால் காளான். அது 30 டிகிரிக்கு மேலும் வரும், ஆனால் வெளுத்த படுக்கையின் மேல் ஆவியில் வேகவைத்த மண் போட வேண்டும். நான்கு பைக்கும் மண் கனம் மட்டும் மாறும்: 1, 2, 3, 4 சென்டிமீட்டர்.