28 சென்ரிமீற்றர் பனை

ஒரு பனை 20 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொண்டால், பழைய சண்டைகளை மேசையில் ஆடும் எங்கள் விளையாட்டுக்காக 72இல் ஒரு பங்காகச் சுருக்கும்போது 28 சென்ரிமீற்றர் வருகிறது. அதன் அடியில் நிற்கும் ஒல்லாந்தச் (டச்சு) சிப்பாய் இரண்டரைச் சென்ரிமீற்றர்கூட இல்லை. முதல் பனையைச் செய்து மேசையில் நட்ட அன்று பின்னேரம் முழுக்க அதைப் பற்றித்தான் கதைத்தோம். கை பட்டால் சாயும், படையை நகர்த்த இடைஞ்சல், பாதி உயரம் போதும் என்றார் வங்கியில் வேலை செய்யும் நண்பர். மேசன் வேலை செய்பவர் ஒரே வசனத்தில் முடித்தார்: "பனை கட்டையா நிண்டா அது வடலி."

அவர் சொன்னதே நின்றது. ஒவ்வொரு பனையின் அடியிலும் தலை வெட்டிய ஆணி ஒன்றைச் செருகினேன், பலகையில் துளை. படை வரும்போது மரத்தைக் கழற்றி, போனதும் திரும்ப நடுவோம். இப்போது 46 பனை நிற்கிறது.

நாங்கள் ஐந்து பேர். இளைப்பாறிய வரலாற்று ஆசிரியர் ஒருவர் (எல்லோருக்கும் அவர் மாஸ்டர்), மேசன், வங்கிக்காரர், கம்பஸ் பெடியன் ஒருவன், வீட்டுப் பிளான் கீறுகிற நான். நடந்து முடிந்த பழைய சண்டை ஒன்றை எடுத்து, அதன் நிலத்தை ஆறடிக்கு நாலடி மேசையில் கட்டி, சிறு சிப்பாய்களை அளவுகோலால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி ஆடுவோம். பிரஷ்யாவில் 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி படை அதிகாரிகளைப் பழக்குவதற்காக வரைபடத்தின் மேல் இப்படி ஒன்றை அமைத்தார். இன்று உலகமெங்கும் இது பொழுதுபோக்கு. எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மாஸ்டரின் விறாந்தையில் 1795க்குப் பிந்திய சண்டை எதுவும் மேசை ஏறாது. அந்த வருடம் ஆங்கிலேயரிடம் யாழ்ப்பாணக் கோட்டை சண்டையில்லாமல் கைமாறியது. அதற்குப் பின் இந்த மண் கண்டதை நாங்கள் விளையாட மாட்டோம். இதை யாரும் வாக்கெடுத்து முடிவு செய்யவில்லை. முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எடுத்தது 1658. றைக்லொஃப் வான் கூன்ஸின் ஒல்லாந்தப் படை மன்னாரைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணம் வந்து, போர்த்துக்கேயர் கையிலிருந்த கோட்டையைச் சுற்றி வளைத்த ஆண்டு. மார்ச்சில் தொடங்கியது ஜூனில்தான் முடிந்தது.

நான் செய்த பெரிய பிழையை இங்கே சொல்லவேண்டும். கோட்டை நிற்கிற பண்ணைப் பக்கம் நாலு தரம் போய், காலடியால் அளந்து, கோட்டையை ஐங்கோணமாகக் கட்டி முடித்தேன். இரண்டு மாத வேலை. மாஸ்டர் வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, இது ஒல்லாந்தன் பிடிச்ச பிறகு கட்டின கோட்டையெல்லோ? சண்டை நடந்தது பறங்கியின்ர கோட்டையில. அதுக்கு நாலு மூலைதான்." முகம் சூடேறியது. தினமும் பார்க்கிற மதில் என்பதால் அது எப்போதும் அப்படியே இருந்தது என்று நினைத்துவிட்டேன். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேறா யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தபின் எழுந்த நாற்கோணக் கோட்டையை ஒல்லாந்தர் மாற்றி ஐங்கோணமாக்கினார்கள். வெளி அரண் வேலை 1792 வரை இழுபட்டது. 1658 முற்றுகையில் ஒல்லாந்தப் படையோடு வந்த பாதிரியார் பல்தேயுஸ், 1672இல் அச்சான தன் நூலில் யாழ்ப்பாணத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மாஸ்டரிடம் இருந்த பிரதிகளை வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

புதுக் கோட்டைக்கு ஒரு பக்கம் 70 சென்ரிமீற்றர். உண்மை அளவில் கட்டினால் மேசை முழுக்கக் கோட்டைதான் இருக்கும். பனையில் விட்டுக்கொடுக்காத நாங்கள் மதிலில் விட்டுக்கொடுத்தோம். உள்ளுக்கு ரெஜிபோம் (தெர்மோகோல்). குளிர்சாதனப் பெட்டி விற்கிற கடையின் பின்பக்கத்தில் சும்மா கிடைத்தது. மேலே பூசத்தான் நல்ல சாமான் வேண்டியிருந்தது. கோட்டை மதில் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். அந்தச் சொரசொரப்பு மணலில் வராது, சீமெந்தில் வராது. மேசன் நண்பர் இடித்த பழைய வீடொன்றின் முருகைக்கல் மதில் உடைந்து குவிந்து கிடந்தது. அதில் ஒரு உரப்பை அள்ளி வந்து, உரலில் இடித்து, அரித்து, பைண்டர் பசையில் குழைத்துப் பூசினோம். காய்ந்த பிறகு நிறமே தீட்டவில்லை. பண்ணையில் பார்க்கிற அதே சாம்பல் வெள்ளை.

பனையோலைக்கு முதலில் கடதாசி வெட்டினேன். பச்சைப் பூப் போல இருந்தது. மாமி கடகம் இழைப்பவர். சார்வோலையைத் தந்து, எந்தப் பக்கம் கிழித்தால் நரம்பு நிற்கும் என்று காட்டினார். கத்தரிக்கோலால் விசிறி விசிறியாக வெட்டி, மஞ்சள் கலந்த பச்சைச் சாயத்தில் ஊறவைத்தோம். தண்டுக்கு மூங்கில் குச்சியில் சணல் சுற்றிப் பசை தடவினால் வளையம் வளையமாக வரும். ஐப்பசி மழையில் முதல் 20 மரத்தைக் கறையான் தின்று தீர்த்தது. இப்போது வேப்பெண்ணெய் தடவி, தகரப் பெட்டிக்குள் வைக்கிறேன்.

வேலிகளில்தான் எனக்கு நெஞ்சு நிறைந்தது. வெளியூர் விதிப் புத்தகங்களில் வேலி என்றால் பாதிப் பாதுகாப்பு, குண்டுக்கு இத்தனை புள்ளி கழி என்றிருக்கும். அது அவர்களுடைய செடிவேலி. எங்கள் கிடுகு வேலிக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரியாது, ஆனால் குண்டு சும்மா போய்விடும். ஆகவே புது விதி எழுதினோம்: வேலிக்கு அப்பால் குறிபார்க்க முடியாது, தெரியாமல் சுட்டால் பாதுகாப்பும் கிடையாது. ஒழுங்கைக்குள் நீள ஈட்டிப் படை அணியாகத் திரும்ப முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும். 1658இல் இந்த ஊரில் என்ன வேலி நின்றது என்று பார்த்தவர் எவருமில்லை, ஓலையும் கிளுவையும் என்று நாங்களே தீர்மானித்தோம். சீமைக்கிளுவை பின்னாளில் வந்தது, அதை ஒதுக்கினோம். கம்பஸ் பெடியன் ஒரு கிணறும் துலாவும் செய்தான். துலா ஏறி இறங்கும்!

சிப்பாய்கள் ஐரோப்பிய முப்பதாண்டுப் போருக்காக விற்கிற பிளாஸ்ரிக் உருவங்கள். ஒல்லாந்தருக்கும் போர்த்துக்கேயருக்கும் அது பொருந்தும். இரு பக்கமும் நின்ற லஸ்கரின்களை, அதாவது உள்ளூர்ப் படையாட்களை, எங்கும் விற்பதில்லை. எபோக்சி புட்டியில் தலைப்பாகையும் வேட்டியும் வைத்து நாங்களே மாற்றினோம். 2022 பங்குனியில் 13 மணித்தியாலம் வரை கறண்ட் இல்லாத நாட்களில், குப்பி விளக்கில் அந்தத் தலைப்பாகைகளுக்கு நிறம் தீட்டினேன்.

முற்றுகையை மேசையில் ஆடுவது கடினம், ஒருவரும் பெரிதாக அசைவதில்லை. கோட்டை விழுந்தது பசியாலும் நோயாலும். ஊர்ச்சனமும் உள்ளே அடைக்கலம் புகுந்திருந்தது. அதனால் உணவைப் புளியங்கொட்டையாக வைத்தேன். மொத்தம் 90. ஒரு சுற்று ஒரு கிழமை. படை கிழமைக்கு 3 கொட்டை தின்னும், சனம் 4. இன்னொரு வரியும் எழுதினேன்: கோட்டைத் தளபதி விரும்பினால் சனத்தை வெளியே அனுப்பலாம். முதல் கிழமையே அனுப்பினால் 30 கிழமை தாங்கலாம், அனுப்பாவிட்டால் 13ஆம் கிழமை கொட்டை போதாமல் வரும். கணக்காகப் பார்த்து எழுதிய வரி அது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஆடினோம். கோட்டை மேசன் நண்பருக்கு. எட்டாம் சுற்றில் 34 கொட்டை மீதி. வங்கிக்காரர் விதித்தாளைக் காட்டி, "இப்ப அனுப்பினால் தப்பலாம்" என்றார். மேசன் தாளைப் பார்க்கவில்லை.

"சனத்தை வெளியில விடமாட்டன். எத்தினை கிழமை கூடக் கிடைச்சாலும் வேண்டாம்."

போரில் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி அவருக்கு ஒன்பது வயது. தகப்பனின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தைக் கடக்க இரவு முழுக்க நின்றவர். அதை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை; எங்களுக்கு முன்பே தெரியும். நானும் அதே பாலத்தால் போனவன்தான். அப்படியிருந்தும் அந்த வரியை எழுதியிருக்கிறேன். மாஸ்டர் பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார். வெட்டிவிட்டேன்.

பிறகு தொடர்ந்து ஆடினோம். 13ஆம் சுற்றில் ஒரு கொட்டை குறைந்தது, கோட்டை விழுந்தது. தேத்தண்ணி குடித்தோம், மரங்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினோம்.

அடுத்த நாள் மேசன் நண்பர் புட்டி கேட்டு வந்தார். இப்போது கோட்டைக்குள் நிற்பதற்குச் சனம் செய்கிறார். கடகத்தோடு ஒரு கிழவி, பிள்ளையை இடுப்பில் வைத்த ஒரு தாய், ஒரு ஆட்டைக் கயிற்றில் பிடித்த பெடியன். 11 பேர் முடிந்திருக்கிறார்கள். கிழவியின் சேலைக்கு என்ன நிறம் தீட்டுவது என்று மாமியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார்.