படகில் கேஸ் சிலிண்டர்: கசிந்தால் எங்கே போகும்?

பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறவர்கள் பாயை விரித்துப் பார்ப்பார்கள், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்பார்கள், அடிப்பாகத்தை விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். சிலிண்டர் எங்கே என்று கேட்டால் விற்கிறவர் "அதோ அந்த லாக்கர்ல" என்று கையைக் காட்டுவார், இவர்களும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் எந்தப் படகில் ஏறினாலும் அந்த லாக்கரைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். பாய் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம், எஞ்சின் நின்றால் காற்று இருக்கிறது. கேஸ் விஷயத்தில் அப்படி இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அபூர்வம்.

சமையல் கேஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் அல்லது இரண்டும் கலந்தது. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. அதனால் கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தைத் தேடும். வீட்டில் என்றால் கதவுக்கு அடியில் வழி இருக்கிறது, கொஞ்சமாவது வெளியே போகும். படகில் அந்த வழியே கிடையாது. தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று அடிப்பாகத்தில் ஓட்டை ஒடிசல் இல்லாமல் கட்டியிருக்கிறார்கள், அதே காரணத்தால் கேஸும் வெளியே போக முடியாது. தரைப் பலகைக்குக் கீழே, பில்ஜ் என்கிற அடிப்பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கேதான் தானாக ஓடும் பம்ப், அதன் மிதவை சுவிட்ச், பக்கத்திலேயே எஞ்சின் ஸ்டார்ட்டர் என்று பொறி பறக்க வாய்ப்புள்ளது எல்லாம் இருக்கிறது.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே தீப்பிடிக்கும் கலவை ஆகிவிடுகிறது. கணக்குப் போட்டால், 1 கிலோ புரொப்பேன் ஆவியானால் அரை கன மீட்டருக்குச் சற்று மேல் வரும், அது காற்றோடு கலந்து 25 கன மீட்டர் வரை பற்றக்கூடிய கலவையைக் கொடுக்கும். சின்னப் படகின் கேபின் முழுவதையும் அளந்தாலே பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். வாசனை காட்டிக்கொடுக்குமே என்பார்கள். வாசனைக்கென்றே ஒரு பொருளைக் கலக்கிறார்கள், உண்மைதான், ஆனால் கேஸ் கணுக்காலுக்குக் கீழே இருக்கும்போது மூக்கு மேலே இருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை.

அதனால் நான் "கசியாமல் எப்படி வைப்பது" என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதில்லை. வால்வு தேயும், ரப்பர் வெடிப்பு விடும், உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்னும், என்றைக்காவது ஒரு நாள் கசியத்தான் போகிறது. கசிந்த கேஸ் கடலுக்குப் போகிறதா, கேபினுக்குள் போகிறதா என்பதுதான் கேள்வி.

ஒழுங்கான கேஸ் லாக்கர் என்றால் மேலே மட்டும் திறக்க வேண்டும், அதுவும் வெளிப்பக்கமாக. பக்கங்களும் அடியும் கேபினை நோக்கிக் காற்றுப் புகாதபடி அடைத்திருக்க வேண்டும். குழாயோ ஒயரோ சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சும்மா ஓட்டை போட்டு விட்டிருக்கக் கூடாது, அதற்கென்று உள்ள இறுக்கமான இணைப்பு வேண்டும். அடிப்பகுதியில் ஒரு வடிகால், அது நேராகக் கடலுக்கு. சிறிய படகுகளின் கேஸ் அமைப்புக்கான ஐஎஸ்ஓ 10239 தரநிலையும் அமெரிக்காவின் படகுத் தரநிலை அமைப்பான ஏபிஒய்சியின் விதிகளும் சொல்வதன் சாரம் இதுதான். வடிகால் குழாயின் உள்விட்டம் ஐஎஸ்ஓ கணக்கில் 19 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அது வெளியே வரும் இடம் நீர்மட்டத்துக்கு மேலேயும், கேபினுக்குள் போகும் எந்தத் திறப்பிலிருந்தும் அரை மீட்டர் தள்ளியும் இருக்கட்டும்.

இந்த வடிகாலில்தான் பாதிப் படகுகள் கோட்டை விடுகின்றன. சிலந்தி, குளவி, காய்ந்த இலை, வெளி வாயில் ஒட்டிய சிப்பி என்று எது வேண்டுமானாலும் அடைக்கும். மேலே வைத்த சிலிண்டரை எடுத்துப் பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது. ஒரு வாளித் தண்ணீரை லாக்கருக்குள் ஊற்றுங்கள். வெளியே மடமடவென்று கொட்டுகிறதா பாருங்கள், அப்புறம் உள்ளே போய் பில்ஜில் ஈரம் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் கேஸுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் வாளிச் சோதனை ஒன்றை மட்டும் பிடிக்காது. குழாய் நடுவில் தொய்ந்து தொங்கினால் அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கி நிற்கும். வாளித் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், ஆனால் அவ்வளவு தண்ணீரைத் தள்ளும் பலம் சாவகாசமாகக் கசியும் கேஸுக்குக் கிடையாது. லாக்கர் கேஸால் நிரம்பி, மூடி வழியாகக் காக்பிட்டுக்குள், அதாவது படகை ஓட்டுகிறவர் உட்காரும் திறந்த பள்ளத்துக்குள் வழியும், அங்கிருந்து கேபின் வாசல் எவ்வளவு தூரம்? ஆகவே குழாயைக் கையால் தடவிக்கொண்டே கடைசி வரை போய், வழி முழுவதும் சரிவாக இறங்குகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. படகு சாய்ந்து ஓடும்போது வெளி வாய் தண்ணீருக்குள் மூழ்கினாலும் இதே கதைதான். அதனால் பக்கவாட்டில் விடுவதைவிடப் பின்சுவரில் உயரமாக விடுவது எனக்குப் பிடிக்கும்.

லாக்கரே இல்லாத பழைய படகுகள் நிறைய உண்டு. காக்பிட் இருக்கைக்குக் கீழே பெரிய பெட்டி, அதில் கயிறு, பாய்ப்பை, பெயிண்ட் டப்பா, நடுவில் சிலிண்டர், அந்தப் பெட்டியின் அடியோ நேராக எஞ்சின் பக்கம் திறந்திருக்கும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, காற்றுப் புகாத தனிப்பெட்டி ஒன்றை உள்ளே பொருத்தி அதிலிருந்து பின்சுவருக்கு வடிகால் எடுப்பது. இரண்டு, சிலிண்டரையே வெளியே கொண்டுபோய்ப் பின்பக்கக் கம்பி வேலியில் கட்டிவிடுவது. கேஸ் கசிந்தால் நேராகக் கடலில் விழ வேண்டும், வெயில் நேரடியாகப் படாமல் உறை வேண்டும், வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் மறைப்பு வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. இருந்தாலும் சின்னப் படகுக்கு இரண்டாவதுதான் சரி என்பேன், செலவும் குறைவு, தவறு செய்ய இடமும் குறைவு.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுத்தால் ஆவிக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் போய்விடும், திரவ புரொப்பேன் ஆவியானால் ஏறத்தாழ 270 மடங்கு விரியும், அடுப்பில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பட்டை போட்டு, அலையில் குதித்தாலும் அசையாதபடி கட்டுங்கள். இரும்பு சிலிண்டரின் அடி வளையம் எப்போதும் ஈரத்தில் நின்றே துருப்பிடிக்கிறது, கீழே ஒரு ரப்பர் தட்டோ சட்டமோ வைத்தால் ஆயுள் கூடும். கண்ணாடி இழை சிலிண்டர் கிடைத்தால் துருத் தொல்லையே இல்லை, வெளிச்சத்தில் பிடித்தால் எவ்வளவு மிச்சம் என்றும் தெரியும். அந்த லாக்கரில் வேறு எந்தச் சாமானும் வேண்டாம். இடம் காலியாகக் கிடக்கிறதே என்று பாய்க்கயிறு இழுக்கும் வின்ச்சின் கைப்பிடியைப் போட்டால், அது ஒரு நாள் உருண்டு போய் வால்வில் மோதும்.

உபரி சிலிண்டருக்கும் அதே லாக்கர்தான். காலி சிலிண்டருக்கும். காலி என்பது அடுப்பு எரியாத அளவுக்குக் காலி, உள்ளே ஆவி இருக்கத்தான் செய்கிறது. இவ்வளவு கவனமாக இருப்பவர்கள்கூட, கையடக்க அடுப்புக்கான சின்ன கார்ட்ரிட்ஜ்களைச் சமையல் அலமாரியில் டீத்தூள் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்! அதன் தகரம் மெல்லியது, உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதுவும் வெளியேதான் இருக்க வேண்டும்.

குழாய் பற்றிச் சுருக்கமாக. ரெகுலேட்டர் லாக்கருக்குள்ளேயே இருக்கட்டும், அதற்கும் கசியத் தெரியும். அங்கிருந்து அடுப்பு வரை இடையில் இணைப்பே இல்லாத ஒரே குழாய். ரப்பர் ஹோஸில் அச்சடித்த தேதியைப் பாருங்கள், 5 வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடலாம். ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் வைப்பது நான் பார்த்ததிலேயே மலிவான காவல்: சிலிண்டரைத் திறந்து, அடுப்பு நாப் எல்லாம் மூடியபடி, பிறகு சிலிண்டரை மூடிவிட்டு முள்ளைப் பாருங்கள். ஏபிஒய்சி 3 நிமிடமாவது காத்திருக்கச் சொல்கிறது, எனக்குக் கால் மணி நேரம் விட்டால்தான் திருப்தி. முள் இறங்கினால் எங்கோ கசிவு. மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு இருந்தால் சோதனையின்போது அதன் சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவரைக்கும்தான் சோதித்திருப்பீர்கள், அதற்கு அப்பால் உள்ள குழாய் சோதனைக்குள் வராது. அந்த முள் எவ்வளவு கேஸ் மிச்சம் என்று காட்டும் என நினைக்காதீர்கள், திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததுதான். மிச்சம் தெரிய எடை போட வேண்டும்.

கசியும் இடத்தைத் தேட சோப்புத் தண்ணீர் போதும், அமோனியா கலந்த சோப்பு மட்டும் வேண்டாம், பித்தளையில் விரிசல் விடவைக்கும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் படகுக்குப் பக்கத்தில் நங்கூரம் போடாதீர்கள்.

கேஸ் டிடெக்டர் வைத்தால் உணரியைத் தாழ்வாக வையுங்கள், ஆனால் பில்ஜ் தண்ணீர் தொடும் உயரத்தில் வேண்டாம், நனைந்தால் கெட்டுவிடும். சிலிகான் சீலன்ட் ஆவியும் அதைக் கெடுக்கும், படகில் எங்காவது சீலன்ட் பூசிய பிறகு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், அணைக்கக்கூட. சிலிண்டரைக் கையால் மூடி, கதவு, மேல்தளத்து மூடிகளான ஹாட்ச் எல்லாவற்றையும் திறந்து, எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும். எலெக்ட்ரிக் பில்ஜ் பம்ப் கூடாது, காக்பிட்டிலிருந்து அடிக்கும் கைப் பம்ப் இருந்தால் அதை அடித்துக்கொண்டே இருங்கள், தண்ணீர் வராவிட்டாலும் அடியில் கிடக்கும் கேஸ் வரும். கசிவு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை அடுப்புக்கு லீவு. பிஸ்கட் பாக்கெட் எதற்கு இருக்கிறது?