எவர்ஷெட்: ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு வரைபடம் போட்ட அனுபவம்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு எவர்ஷெட் என்ற பெயர் புதிதல்ல. சூரியப் புள்ளிகளின் விளிம்புப் பகுதியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது என்பதை 1909 ஜனவரியில் அங்கிருந்து கண்டறிந்தவர் ஜான் எவர்ஷெட். அந்த நிகழ்வுக்கு இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர். மின்பணியில் இருப்பவர்களுக்கு இதே பெயர் வேறொரு வழியில் வந்து சேர்ந்திருக்கும். ஒயரின் காப்புத் திறனைச் சோதிக்க நம் எலக்ட்ரீஷியன்கள் கையில் எடுக்கும் 'மெக்கர்' கருவியை முதலில் செய்து விற்ற இலண்டன் கம்பெனி எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ். இங்கிலாந்திலேயே அபூர்வமான ஒரு பெயர், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு துறைகளில் தலைகாட்டுகிறதே, இந்தப் பெயருக்கென்று ஓர் ஊர் உண்டா என்று பார்க்கலாம் எனத் தொடங்கிய வேலை இது. நான் குடியிருப்பது தெற்கு இலண்டனில் உள்ள குராய்டனில். ஆவணக் காப்பகங்களுக்கு ரயிலில் போய்வர முடிந்தது ஒரு வசதி.

ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் ஸ்மித், டெய்லர் போன்ற தொழிற்பெயர்கள் நூறு இடங்களில் தனித்தனியாகத் தோன்றியவை. அவற்றுக்கு ஊர் தேடுவதில் பொருளில்லை. ஒரு பண்ணையின் பெயரையோ குக்கிராமத்தின் பெயரையோ ஒட்டிப் பிறந்த பெயர்கள் அப்படியல்ல. தென் இங்கிலாந்தில் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில், 'இன்ன பண்ணைக்காரர்' என்று வரிப் பட்டியலில் எழுதப்பட்ட அடையாளமே மகனுக்கும் பேரனுக்கும் தொடர்ந்து, நிலைத்த குடும்பப் பெயராகிவிட்டது. தந்தை பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த தலைமுறையில் அதையும் மாற்றிவிடும் நமக்கு, ஒரு பண்ணையின் பெயர் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு வருவது சற்று வியப்பான விஷயம்தான்.

வரைபடத்துக்கு முதல் மூலப்பொருள் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் தேதி இரவு யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்ற பட்டியல் முழுவதையும் தன்னார்வலர்கள் படியெடுத்திருக்கிறார்கள்; இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரைக் கொடுத்துத் தேடி, மாவட்டவாரியாக எண்ணி, படத்தில் வண்ணம் தீட்டினால் சர்ரேயும் அதன் தெற்கே உள்ள சசெக்ஸும் உடனே எடுப்பாகத் தெரிகின்றன. நாட்டின் நடுப்பகுதியில் ஸ்டாஃபர்ட்ஷயரில் தனியாக ஒரு சிறு திட்டும் உண்டு. பலர் இந்தக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் 1881இன் சர்ரே இன்றைய சர்ரே அல்ல. இலண்டனுக்குத் தனி நிர்வாக மாவட்டம் 1889இல்தான் வந்தது. அதற்கு முன் சதர்க், லாம்பெத், கேம்பர்வெல் எல்லாம் சர்ரேக் கணக்கில்தான் சேரும். தெற்கு இலண்டனின் நெருக்கமான தெருக்களில் வேலை தேடி வந்து குடியேறியவரும், தெற்கே களிமண் காட்டில் பாட்டன் காலத்திலிருந்து ஏர் பிடித்தவரும் ஒரே வண்ணத்தில் வந்து விழுகிறார்கள். மாவட்ட வரைபடத்தை நம்பிப் பெயரின் பூர்விகம் பேசுவதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

இதற்கு மாற்று அந்தக் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. 1851 முதல் ஒவ்வொருவரும் பிறந்த திருச்சபை வட்டம் எது என்று தனிக் கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். (1841இல் 'இதே மாவட்டத்தில் பிறந்தவரா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில் மட்டும்தான்.) ஆகவே இருந்த இடத்தை விட்டுவிட்டு, பிறந்த இடத்தை வைத்து இரண்டாவது படம் போட்டேன், அதிலும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். இலண்டன் ஏறக்குறைய மறைந்துவிட்டது. புள்ளிகள் சர்ரேயின் தென்கோடியிலும் சசெக்ஸின் வடகோடியிலும் வந்து குவிந்தன. வீல்டு என்று அழைக்கப்படும் அந்தப் பகுதி ஓக் மரமும் ஒட்டும் களிமண்ணும் நிறைந்தது; குளிர்காலத்தில் வண்டி இறங்காது என்று பேர் வாங்கிய பூமி. அங்கே கூட்டமான கிராமங்கள் குறைவு, சிதறிக் கிடக்கும் தனிப் பண்ணைகளே அதிகம். பண்ணையின் பெயர் மனிதனின் பெயராகப் பொருத்தமான நிலம் அது. இலண்டனையும் சிச்செஸ்டரையும் இணைத்த ரோமானியர் காலத்து ஸ்டேன் தெரு ஊடே செல்லும் ஆக்லி என்ற ஊரில் எவர்ஷெட்ஸ் என்றே ஒரு பண்ணை இருக்கிறது. பெயராய்வாளர்கள் இந்தக் குடும்பப் பெயரின் ஊற்றாகக் காட்டுவது அதைத்தான். பெயரின் முற்பாதி பழைய ஆங்கிலத்தில் காட்டுப்பன்றியைக் குறிப்பது.

இடத்தைக் கண்டபின் காலத்தில் பின்னோக்கிப் போக வேண்டும். 1837 ஜூலை முதல் தேதியிலிருந்து பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசு பதிவு செய்கிறது. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் புதிய இணைய அட்டவணையில் குழந்தையின் தாயினுடைய பிறந்தவீட்டுப் பெயரும் வருவதால், ஒரே பெயருள்ள இரண்டு குடும்பங்களைப் பிரித்துப் பார்ப்பது எளிது. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொறுமை இருந்தால் போதும். உண்மையான வேலை 1837க்கு முந்தைய திருச்சபைப் பதிவேடுகளில்தான் இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் இட்ட ஆணையின்படி ஒவ்வொரு திருச்சபையும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதி வைக்கத் தொடங்கியது. சர்ரேயின் பதிவேடுகள் வோக்கிங்கில் உள்ள சர்ரே வரலாற்று மையத்தில் இருக்கின்றன. சசெக்ஸின் மேற்குப் பாதிக்கு சிச்செஸ்டர் போக வேண்டும். ஆக்லியிலிருந்து சசெக்ஸ் எல்லை கூப்பிடு தூரம் என்பதால், இரண்டு காப்பகங்களிலும் மாறி மாறிப் பார்த்தால்தான் ஒரு குடும்பத்தின் கதையே முழுமை பெறுகிறது.

அந்தக் காலக் கையெழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வழங்கிய செக்ரட்டரி என்னும் எழுத்து முறையில் 'இ' (e) எழுத்து தலைகீழாகத் திரும்பி நிற்கும். 'எச்' எழுத்தின் வால் வரிக்குக் கீழே இறங்கிச் சுழியும். சொல்லின் நடுவே வரும் நீள 'எஸ்', 'எஃப்' போலவே தெரியும். எவர்ஷெட் என்ற பெயரில் இந்த மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. ஆகவே அட்டவணை தயாரித்தவர் கண்ணுக்குப் பட்டதை எழுதியிருப்பார். போதாக்குறைக்கு, பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதியதால் எவர்செட், எவர்ஷெட், எவர்ஷெட்டுக்குப் பின்னால் ஓர் 'இ' (e) கூடுதலாகச் சேர்ந்த வடிவம் என்று ஒரே மனிதருக்குப் பல வடிவங்கள். பக்கத்திலேயே இரண்டு வேற்றுப் பெயர்கள் காத்திருக்கின்றன. ஒன்று ஹார்ஷம் அருகே டென் மாளிகையில் வாழ்ந்த பெருநிலக்கிழார்களின் எவர்ஸ்ஃபீல்டு. மற்றது, கென்ட் பக்கம் மிகுதியாக வழங்கும் எவரெஸ்ட். சிகரத்துக்குப் பெயர் தந்த நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் கிரீனிச் குடும்பத்தைச் சேர்ந்தவர். மங்கிய மையில் எவரெஸ்டும் எவர்ஷெட்டும் இரட்டையர்போல நிற்கும். தந்தையின் பெயர், பண்ணை, சாட்சிகள் ஆகிய மூன்றில் இரண்டேனும் பொருந்தாத எந்தப் பதிவையும் படத்தில் சேர்ப்பதில்லை என்று ஒரு வரையறை வைத்துக்கொண்டேன்.

தேதியிலும் ஒரு பொறி உண்டு. 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. 1640 பிப்ரவரி என்று பதிவேடு சொன்னால் அது நம் கணக்கில் 1641. இதைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொண்டால், மே மாதம் திருமணமான தம்பதிக்கு அதே ஆண்டு பிப்ரவரியில், அதாவது திருமணத்துக்கு முன்பே, குழந்தை பிறந்ததாகக் கணக்கு வரும். பாவம், அந்தத் தம்பதிக்கு வீண்பழி. 1733க்கு முன் சில பாதிரியார்கள் லத்தீனில் எழுதியிருப்பார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து சொற்களைத் தெரிந்துகொண்டால் அது தடையே அல்ல.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது பதினெட்டாம் நூற்றாண்டு சசெக்ஸ்தான். திருமணங்கள் இருக்கின்றன, அடக்கங்கள் இருக்கின்றன, ஆனால் சில கிளைகளில் குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவுகள் காணவில்லை. காரணம் சமயம். ஹார்ஷமைச் சுற்றிய ஊர்களில் பதினேழாம் நூற்றாண்டிலேயே மேத்யூ கஃபின் என்ற போதகரின் செல்வாக்கால் பொது பாப்டிஸ்ட் சமயப் பிரிவு வேரூன்றியிருந்தது. அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்து, விரும்பி வருபவருக்கே கொடுப்பார்கள். பில்லிங்ஸ்ஹர்ஸ்டில் 1754இல் எழுந்த அவர்களுடைய வழிபாட்டு இல்லத்தை முன்னின்று கட்டியவர்களில் ஒருவர் வில்லியம் எவர்ஷெட். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது, இப்போது திரித்துவக் கொள்கையை ஏற்காத யூனிடேரியன் சபையின் கையில். இப்படிப்பட்ட சபைகளின் ஏடுகள் 1837ஐ ஒட்டி அரசால் திரட்டப்பட்டு, கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தனித் தொகுப்பாக வைக்கப்பட்டுள்ளன. திருச்சபைப் பதிவேட்டில் ஒரு பெயர் இல்லை என்பதற்காக அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று புள்ளியை அழித்துவிடக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

உயில்கள் இந்த இடைவெளிகளை ஓரளவு அடைத்தன. 1858 வரை உயிலை மெய்ப்பித்தவை திருச்சபை நீதிமன்றங்கள். பல மறைமாவட்டங்களில் சொத்து வைத்திருந்தவரின் உயில் கான்டர்பரி நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். அவை கியூவின் இணையதளத்தில் கிடைக்கும். சொந்த நிலத்தில் உழுத சாதாரண விவசாயியின் உயில், சர்ரே என்றால் தி லண்டன் ஆர்கைவ்ஸ் எனப்படும் இலண்டன் ஆவணக் காப்பகத்திலும், மேற்கு சசெக்ஸ் என்றால் சிச்செஸ்டரிலும் இருக்கும். மூத்தவனுக்கு நிலம், இளையவனுக்குப் பணம், மகளுக்குக் கட்டிலும் மெத்தையும் பித்தளைப் பாத்திரமும் என்று போகும் அந்த உயில்களில்தான் மகள்கள் மணமான வீட்டுப் பெயரோடு வெளிப்படுகிறார்கள். குடும்பப் பெயரின் வரைபடம் பெண்களைக் கல்யாணத்தோடு கைவிட்டுவிடுகிறது. அந்த வரைபடத்தை ஒரு குடும்பத்தின் வரலாறு என்று யாராவது சொன்னால், பாதி வரலாறு என்றுதான் நான் திருத்துவேன்.

ஸ்டாஃபர்ட்ஷயரில் இருந்த தனித் திட்டுக்கு விளக்கம் எளிதாகவே கிடைத்தது. பர்ட்டன் ஆன் டிரென்ட் நகரின் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அதனால் அங்கே காய்ச்சிய பீர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகப் புகழ் பெற்றது. சர்ரேயின் ஆல்பரியில் 1825இல் பிறந்த சிட்னி எவர்ஷெட் அங்கே போய் பீர் ஆலை நடத்தினார். 1886 முதல் 1900 வரை அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1905இல் அவருடைய ஆலை இணைந்து உருவான மார்ஸ்டன், தாம்சன் அண்ட் எவர்ஷெட் என்ற பெயர் பீர் பிரியர்களுக்கு நெடுநாள் பழக்கமானது. அவர் மகன் ஃபிராங்க் இங்கிலாந்துக்காக ரக்பி ஆடிய வழக்குரைஞர். பேரன் ரேமண்ட் 1949 முதல் 1962 வரை மாஸ்டர் ஆஃப் தி ரோல்ஸ் என்னும் உயர் நீதிப் பதவியில் இருந்து, பிரபுப் பட்டமும் பெற்றவர். 1966இல் அவர் வாரிசின்றி இறந்ததோடு அந்தப் பட்டமும் முடிந்தது. படத்தில் ஒரு பேரூர்போலத் தெரிந்த திட்டின் மையம் ஒரே ஒருவரின் தொழில் துணிச்சல். அபூர்வப் பெயர்களில் ஒரு வீட்டில் பிள்ளைகள் அதிகமானால்கூடப் படம் மாறிவிடும். விழுக்காட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

குடும்பப் பெயருக்குக் கேடயச் சின்னம் அச்சிட்டு விற்கும் கடைகள் இணையத்தில் ஏராளம். இங்கிலாந்தில் சின்னம் தனி மனிதருக்கும் அவர் நேர்வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. பெயர் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் அது சொந்தமாகாது. களிமண் உழுத குடும்பத்துக்கு வாளும் சிங்கமும் எதற்கு என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

கடைசியாக ஜான் எவர்ஷெட்டின் வாழ்க்கையை இந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். 1864இல் பிறந்தது காம்ஷல், ஆல்பரி இருக்கும் அதே பள்ளத்தாக்கில் உள்ள ஊர். முதலில் சொந்தமாகத் தொலைநோக்கி அமைத்துச் சூரியனைப் பார்த்தது கென்லியில். அது இன்று எங்கள் குராய்டன் நகராட்சிக்குள் இருக்கிறது. 1907இல் கொடைக்கானல், 1911 முதல் 1923 வரை அதன் இயக்குநர். சூரியச் சுடர்களைப் பற்றி அவரோடு சேர்ந்து ஆராய்ந்து எழுதிய மனைவி மேரி, 'ஆர்' என்ற குடும்பத்துப் பெண். எவர்ஷெட் என்ற பெயர் அவருக்குத் திருமணத்தால் வந்தது. ஓய்வுக்குப் பின் ஜான் குடியேறி, மீண்டும் ஒரு சொந்த ஆய்வகம் அமைத்து, 1956இல் இறக்கும்வரை வாழ்ந்தது யூஹர்ஸ்ட் கிராமத்தில். ஆக்லிக்கும் அதற்கும் இடையே சில மைல்கள்தான். அவர் அதை அறிந்து தேர்ந்தெடுத்தாரா என்று ஊகிக்க ஆவணம் எதுவும் தேவையில்லை. சொந்த மாவட்டத்தில், தெளிந்த வானமுள்ள ஓர் இடத்தைப் பார்த்திருப்பார், அவ்வளவே. இப்போது என் மேசையில் இருப்பது 1538க்கு முந்தைய பகுதி. பதிவேடுகள் அங்கே தீர்ந்துவிடுவதால், இனி பண்ணை நிலங்களின் குத்தகை கைமாறியதை எழுதிய, நிலக்கிழாரின் மேனர் நீதிமன்றச் சுருள்களையும் வரிப் பட்டியல்களையும்தான் படிக்க வேண்டும். அவை முழுக்க லத்தீன், அதுவும் சுருக்கெழுத்து லத்தீன். பத்துப் பதினைந்து சொற்கள் அங்கே போதாது. அதற்கான மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன்.