ஜெர்கினுக்கு இஸ்திரி போட்டா ஏன் தண்ணி ஒட்டாம ஓடுது

கூடலூர் பக்கம் ஜூன் வந்துட்டா ஜெர்கின் இல்லாம நடமாட முடியாது, குன்னூர்க்காரங்களுக்கு ஐப்பசி கார்த்திகைலதான் அந்த பாடு. நாலு தடவ துவைச்சதும் "இது தண்ணி இழுக்குது"ன்னு தூக்கி போட்றாங்க. போடாதீங்க. சோப்பு சுத்தமா போற மாதிரி அலசி காயவெச்சு, லேபிள்ல இஸ்திரி போடலாம்னு இருந்தா மேல ஒரு துணி விரிச்சு மிதமான சூட்டுல தேய்ங்க, பல ஜெர்கின்ல தண்ணி திரும்ப முத்து முத்தா உருளும்.

காரணம் ஜெர்கின் துணி மேல தண்ணி ஒட்டாம இருக்க பூசியிருக்கிற கோட்டிங்ல இருக்கிற பாலிமர், அதாவது சின்ன சின்ன யூனிட்டுங்க சங்கிலியா கோத்த பொருள். அதோட கிளை நுனில ஃப்ளோரின் இருக்கும், அது பக்கத்துல எது வந்தாலும் பெருசா ஒட்டிக்காது. ஒரு பரப்பு மத்தத எவ்ளோ இழுத்து ஒட்டிக்கும்னு சொல்ற சர்ஃபேஸ் எனர்ஜின்னு ஒரு கணக்கு இருக்கு, மீட்டருக்கு மில்லிநியூட்டன்ல சொன்னா பாலிஸ்டைரீன் (தெர்மோகோல் பிளாஸ்டிக்) 40 கிட்ட, பாலிஎத்திலீன் (கவர் பிளாஸ்டிக்) 31, டெஃப்லான் 18 பக்கம், மூணு ஃப்ளோரின் ஒட்டின கார்பன் நெருக்கமா அடுக்கி நின்னா வெறும் 6, 7தான். தண்ணிக்கோ 72. பரப்போட கணக்கு தண்ணியோடத விட ரொம்ப கம்மியா இருந்தா தண்ணி அதுல பரவாம முத்தா நிக்கும்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது என்னன்னா, நூத்துக்கணக்கான யூனிட் இருக்கிற பாலிஸ்டைரீன் சங்கிலில ஒரே ஒரு முனைல மட்டும் ஃப்ளோரின் வெச்சாலே போதும், சூடு பண்ணி சங்கிலி அசைய வழி குடுத்தா அந்த முனைங்க தானா காத்துப்பக்கம் மேல வந்து சேந்துக்கும், உள்ள இருக்கிறத விட மேல் சில நானோமீட்டர்ல ஃப்ளோரின் ரொம்ப அதிகமா இருக்கும். எனர்ஜி கம்மியா இருக்கிறதுக்குத்தான் மேல இடம். சங்கிலி குட்டையா இருந்தா முனைங்க எண்ணிக்கை கூடும், பலனும் கூடும்.

ஆனா தண்ணிலயே ஊறினா கதை தலைகீழ். ஃப்ளோரின் உள்ள போய் ஒளிஞ்சுக்கும், பாலிமர்ல தண்ணிக்கு பிடிச்ச அணுக் கூட்டம் மேல வந்துரும். இஸ்திரி சூடு அத திருப்பி நிமித்தி விடுது, அவ்ளோதான் விஷயம். ஃப்ளோரின் இருக்கிற அந்த கிளை எட்டு கார்பன் நீள வாலா இருந்தா படிகமாட்டம் இறுகி நிக்கும், லேசுல புரளாது, அதனாலதான் கம்பெனிங்க அத விடவே மாட்டேன்னாங்க. ஆனா அதுல இருந்து வர்ற பிஎஃப்ஓஏங்கிற ஃப்ளோரின் ரசாயனம் மண்ணுலயும் தண்ணிலயும் அழியாம கிடக்கும், 2019ல அழியாத நச்சு ரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் உலக ஒப்பந்தத்துல தடைப் பட்டியல்ல சேத்துட்டாங்க. அப்புறம் வந்த ஆறு கார்பன் வால் அந்தளவுக்கு இறுகாது.

இன்னொண்ணு, வழவழப்பான பரப்புல ஃப்ளோரினால எவ்ளோ முயற்சி பண்ணாலும் காண்டாக்ட் ஆங்கிள் (தண்ணி முத்து பரப்ப தொடற இடத்துல இருக்கிற கோணம், கூடினா முத்து நல்லா உருண்டையா நிக்கும்) 120 டிகிரிய தாண்ட வைக்க முடியாது. அதுக்கு மேல வேணும்னா பரப்பு சொரசொரப்பா இருக்கணும். சேம்பு இலைல ஃப்ளோரினே கிடையாது, மெழுகும் நுண்ணிய மேடுபள்ளமும்தான்.

எண்ணெய் ஒட்டாம இருக்கணும்னாதான் ஃப்ளோரின் கட்டாயம். நம்ம ஊர்ல ஜெர்கின் மேல விழறது மழைதானே, மெழுகு இல்லன்னா சிலிக்கோன் கோட்டிங் வாங்கினா தாராளம், விலையும் பாத்துக்கங்க.