செகண்ட் ஹேண்ட் கார்: டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் சேஸிஸ் நம்பர்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் இன்ஜின் சத்தத்தைக் கேட்கச் சொல்வார்கள். வண்டியை ஓட்டியவர் செய்த சேதம் இதில் ஓரளவு தெரிந்துவிடும். கம்பெனியிலிருந்து வரும்போதே இருந்த குறை இதில் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க சேஸிஸ் நம்பர், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி பொறிக்கும் தனி அடையாள எண் வேண்டும். வண்டியை நேரில் பார்க்கும் முன்பே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒரு பாகத்தில் பாதுகாப்புக் குறை இருப்பது பின்னால் தெரியவந்தால், குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளை எல்லாம் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுப்பதுதான் ரீகால். இந்தியாவில் 2012 முதல் கம்பெனிகள் தாமாகவே இதைச் செய்துவந்தன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2021 ஏப்ரலில் இருந்து அரசே கட்டாய ரீகால் உத்தரவு போடலாம். அந்த விதி தயாரிப்புத் தேதியிலிருந்து ஏழு ஆண்டுக்குள் இருக்கும் வண்டிகளுக்கு. ஏற்பாடெல்லாம் சரிதான். ஆனால் ரீகால் எஸ்.எம்.எஸ்ஸும் கடிதமும் கம்பெனி கணக்கில் பதிவாகியிருக்கும் நம்பருக்கும் முகவரிக்கும் போகும். அது பெரும்பாலும் முதல் ஓனருடையது. அவர் வண்டியை விற்றுவிட்டார், அடுத்தவர் வெளியே தனி மெக்கானிக்கிடம் சர்வீஸ் விட்டார் என்றால், மூன்றாவதாக வாங்குகிறவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று பாருங்கள். 2020 ஜூலையில் மாருதி, வேகன்ஆர் 1 லிட்டரும் பெட்ரோல் பலேனோவுமாக 1,34,885 வண்டிகளை ஃப்யூயல் பம்ப் குறைக்காகத் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய மாதம் ஹோண்டாவும் இதே பாகத்துக்காக 2018-இல் தயாரான 65,651 வண்டிகளை அழைத்தது. பம்ப்புக்குள் எரிபொருளைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் குறை, நாளடைவில் இன்ஜின் நின்றுபோகலாம் அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்று சொன்னது. 2021 செப்டம்பரில் மறுபடி மாருதி அழைத்தது சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 பெட்ரோல் வண்டிகள் 1,81,754. அது மோட்டாராகவும் ஜெனரேட்டராகவும் வேலை செய்யும் மின்பாகமான மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காக. இன்றைய பழைய கார் சந்தையில் அதிகம் கைமாறுகிற மாடல்களே இவைதான்.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி தயாரித்த ஏர்பேக். இந்தியாவில் ஹோண்டா இதற்காகப் பல கட்டமாக வண்டிகளை அழைத்திருக்கிறது. 2018 ஜனவரியில் மட்டும் 2013-இல் தயாரான சிட்டி, ஜாஸ், அக்கார்டு 22,834. அந்த ஏர்பேக்கை ஊதவைக்கும் வேதிப்பொருள் அம்மோனியம் நைட்ரேட். பல வருடம் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் அது கெட்டு, ஏர்பேக் விரியும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். அப்போது அந்த வேதிப்பொருள் இருக்கும் இன்ஃப்ளேட்டரின் உலோகக் கூடே உடைந்து, சிதறல்கள் ஓட்டுபவரின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாய்கின்றன. வெளிநாடுகளில் சின்ன மோதலில் உயிர் பிழைத்திருக்க வேண்டியவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ வருடக்கணக்காக நின்ற வண்டிக்கு வெப்பம், ஈரம் இரண்டுமே உண்டு. அந்த வருட வண்டி என்றால், மாற்றியதற்கான ஆதாரம் கையில் வரும்வரை அதை ஓட்டவே வேண்டாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? சேஸிஸ் நம்பர் 17 எழுத்து கொண்டது. அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிய நம்பரில் ஓ இருந்தால் அது பூஜ்யம். அரசின் வாகன விவர ஆப்பான எம்பரிவாஹனில் நம்பரின் ஒரு பகுதி மறைக்கப்பட்டிருக்கும், அதனால் ஆர்.சி.யின் போட்டோவைக் கேளுங்கள். பிறகு கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பெய்ன் பக்கத்தில் அந்த நம்பரைப் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று காட்டும். மாருதியில் எம்ஏ3 என்று தொடங்கி அடுத்த 14 எழுத்துகளைப் போட வேண்டும். சில கம்பெனிகளின் தளம் பழைய மாடல்களைக் காட்டாது. அப்போது எந்த ஊர் ஷோரூம் சர்வீஸ் சென்டருக்கும் போன் செய்து, "இந்த சேஸிஸுக்கு கேம்பெய்ன் ஏதாவது ஓப்பனில் இருக்கிறதா?" என்று கேட்டால் அட்வைசர் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வார்.

இங்கே பலரும் தவறவிடுவது ஒன்று: ரீகால் தயாரிப்புத் தேதியை வைத்துத்தான் வரும், பதிவுத் தேதியை வைத்து அல்ல. பலேனோ ஃப்யூயல் பம்ப் ரீகால் 2019 நவம்பர் 4 வரை தயாரானவற்றுக்கு. அக்டோபரில் தயாராகி யார்டில் நின்று 2020 ஜனவரியில் பதிவான வண்டியும் அதில் அடங்கும். "இது 2020 மாடல் சார், அந்தப் பிரச்சினை இதுக்கு இல்ல" என்று புரோக்கர் சொன்னால், ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் எது என்று பாருங்கள்.

ரீகால் வேலை பாக்கி இருந்தால் அந்தக் காரணத்துக்காக வண்டியைத் தள்ளிவிட வேண்டாம். டெலிவரிக்கு முன் விற்பவரையே முடித்துத் தரச் சொல்லுங்கள், அவருக்கும் செலவில்லை. முடிந்ததற்கு, செய்த வேலையைக் குறித்திருக்கும் ஜாப் கார்டின் பிரதி வாங்குங்கள். வாங்கிய கையோடு சர்வீஸ் சென்டரில் உங்கள் போன் நம்பரைப் பதிவு செய்யுங்கள், அடுத்த ரீகால் வந்தால் உங்களுக்குத் தகவல் வரும்.

அதே போனில் சர்வீஸ் ஹிஸ்டரியையும் கேட்டுவிடலாம். சில இடங்களில் ஓனர் சம்மதம் கேட்பார்கள், விற்பவரை வைத்தே பேசவையுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை மூன்றும் அதில் இருக்கும். 2019-இல் 62,000 கிலோமீட்டர் என்று பதிவான வண்டி இப்போது 48,000 காட்டினால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். கிலோமீட்டர் ஒழுங்காக ஏறி, நடுவில் இரண்டு வருடம் ஒரு பதிவும் இல்லையென்றால், அந்தக் காலத்து பில்களைக் கேளுங்கள். அந்த இடைவெளியில்தான் பெரிய டிங்கரிங் வேலைகள் ஒளிந்திருக்கும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியும் நல்ல சாட்சி. கிளெய்ம் இல்லாத ஓனருக்கு நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஐந்தாறு வருடம் ஒரே கையில் இருந்த, "ஒரு கீறல்கூட இல்லாத" வண்டியின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால் காரணம் கேட்க வேண்டும். பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் பூஜ்யமாகும், அதையும் தேதி பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இந்த போனஸ் ஓனருக்குச் சொந்தம், வண்டியோடு உங்களுக்கு வராது.

இதெல்லாம் சரியாக வந்த பிறகு நேரில் போங்கள். இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். முதலில், வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஃபயர்வாலிலோ (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) முன்சீட்டுக்குக் கீழ்த் தரையிலோ இருக்கும். எழுத்துகளைச் சுற்றி வெல்டிங் தடமோ, புதுப் பெயின்டோ இருந்தால் திரும்பி வந்துவிடலாம்.

சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக் லைட்டும் செக் இன்ஜின் லைட்டும் எரிய வேண்டும். ஏர்பேக் லைட் சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், யாரோ லைட்டைப் பிடுங்கியிருக்கலாம்.

ஸ்கேனர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரலுக்குப் பிந்தைய கார்களில் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓபிடி-2 சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். ஒரு சாதாரண புளூடூத் அடாப்டரும் போன் ஆப்பும் போதும். எல்லோரும் எரர் கோடு (வண்டி பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடு) இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, "நோ கோடு" என்றதும் திருப்தியாகிவிடுகிறார்கள். விற்பதற்கு முந்தின நாள் கோடுகளை அழிக்க ஒரு நிமிடம் போதும். அதனால் அதே ஆப்பில் "கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்ற கணக்கைத் தேடுங்கள். அது 6 கிலோமீட்டர் என்று காட்டினால் நேற்றோ இன்று காலையோ எதையோ அழித்திருக்கிறார்கள். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினெஸ் மானிட்டர்கள் "இன்கம்ப்ளீட்" என்று நிற்பதும் அதே அடையாளம். பேட்டரி மாற்றினாலும் சில வண்டிகளில் இப்படி ஆகும். எனவே உடனே சண்டைக்குப் போகாமல், 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்ய அனுமதி கேளுங்கள். மறைத்த கோடு அநேகமாகத் திரும்பி வந்துவிடும்.

விபத்துக்கு வெளிப் பெயின்டைவிட பானெட்டுக்கு உள்ளே இருக்கும் ஏப்ரனை, அதாவது இன்ஜினுக்கு இருபக்கமும் உள்ள தகட்டுச் சுவரைப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் வட்டக் குழிகளாக இருக்கும். ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் வழவழப்பும் இருந்தால் வழவழப்பான பக்கம் அடிபட்டது. ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள வெளித்தகடு) போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பெயின்ட்டின் தடிமனை அளக்கும் பெயின்ட் கேஜ் வைத்தால் கம்பெனி பெயின்ட் சுமார் 80 முதல் 150 மைக்ரான் காட்டும். 250-ஐத் தாண்டினால் மறுபெயின்ட், 600-க்கு மேல் போனால் கீழே பட்டி. டோர் மட்டும் என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். கூரையைத் தாங்கும் பில்லரில் பட்டி என்றால் வேண்டாம்.

2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களைக் கடந்த சென்னை வண்டிகளில் சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள். மேலே துடைத்திருப்பார்கள், ரீலுக்குள் சுருண்டிருக்கும் கடைசி அரை அடியில் சேற்றுக் கறை அப்படியே இருக்கும். சீட்டின் கீழ் போல்ட்டுகளில் துரு, ஃபியூஸ் பாக்ஸ் பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். வயரிங்கில் ஏறிய ஈரம் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தொல்லை கொடுக்கும்.

டீசல் என்றால் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து மேலே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. மூடி துள்ளி, குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

பேப்பரில் கடைசியாக ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி மேல் இருக்கும் லோன் பதிவு. லோன் அடைத்துவிட்டேன் என்று பேங்க் கொடுத்த என்.ஓ.சி.யை (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) காட்டுவார்கள். அது மட்டும் போதாது. ஃபாரம் 35 கொடுத்து ஆர்.சி.யில் பேங்க் பெயர் நீங்கியிருக்க வேண்டும். ஓனர் பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து, இ-சலான் தளத்தில் பாக்கி அபராதம் இல்லை என்ற உறுதி, இரண்டும் முடிந்த பிறகே மீதிப் பணம். டெல்லி டீசல் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால், அங்கே பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கு 2015-இல் தடை விதிக்கப்பட்டதுதான் பெரும்பாலும் காரணம். ஃபாரம் 28 என்.ஓ.சி. இல்லாமல் தமிழ்நாட்டில் மறுபதிவு ஆகாது, இங்கே மறுபடி சாலை வரியும் கட்ட வேண்டும். அந்த இரண்டு செலவையும் கூட்டிவிட்டு விலை பேசுங்கள்.